அட்டையில் வெட்டிய அக்கா

பழைய கார் வாங்கப் போகிறவர்களில் விவரமானவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். கதவு, முன்பக்கம், பின்பக்கம் என்று ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, அடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னும் விவரமானவர்கள் தெரிந்த மெக்கானிக்கையே கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். நம்ம டெய்லர் இருக்கிறாரே, அவர் தன் அக்காவை அட்டையில் வெட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

சிரிக்க வேண்டாம். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற மனுஷன் அவர். காரணமில்லாமல் கத்தரியைக் கையில் எடுக்கிற ஆள் இல்லை.

தெருவில் அவருக்குப் பெயர் ‘அரை இஞ்ச்’. யாருக்கு எதைத் தைத்தாலும் உள்ளே அரை இஞ்ச் துணியைக் கூடுதலாக விட்டு மடித்துவிடுவார். “ஆறு மாசத்துல வயிறு போட்டுட்டு நீங்கதான் வந்து நிப்பீங்க. அப்ப என் அருமை தெரியும்” என்பார். அப்படியே வந்து நிற்கவும் செய்வார்கள். சாவி போடுகிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஓர் ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். கடைக்குப் பின்னாலேயே வீடு. கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தார்: ‘ஆள் வராமல் அளவு எடுக்கப்படாது.’ “என் தம்பிக்கு ஒரு சட்டை தைக்கணும், என் உயரம்தான் இருப்பான்” என்று யாராவது வந்து நின்றால் போதும், மனுஷனுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிடும். “உயரம் இருக்கட்டும், உங்க தோள்பட்டையும் அவருக்கு இருக்கா? ஆளை அனுப்புங்க சார்.”

அவரிடம் பதினேழு வருஷமாக ஒரு கார் இருந்தது. வாங்கும்போது வெள்ளை. இப்போது என்ன நிறம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இருக்கைகள் கிழியக் கிழிய, கோட்டு தைத்து மிஞ்சிய துணியில் இவரே உறை தைத்துப் போட்டார். முன்னால் சாம்பல் கோடு, பின்னால் பழுப்புக் கட்டம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி கீழே விழாமல் இருக்க ஒரு மர ஸ்கேலைச் சொருகி வைத்திருந்தார். காற்று வேண்டுமென்றால் ஸ்கேலை உருவ வேண்டும். மழை வந்தால் கண்ணாடியைக் கையால் தூக்கி, மறுபடி சொருக வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

ஒருநாள் மெக்கானிக் அந்தக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், இங்க வாங்க. இதைப் பாருங்க.” கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் காரின் அடித்தகட்டில் வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போய், சாம்பல் கோடு போட்ட சீட்டுக்குக் கீழே வெளியே வந்தது. “இனிமே நான் இதைத் தொட மாட்டேன். ஒருநாள் பிரேக் அடிக்கும்போது உங்க கால் ரோட்டுல இருக்கும்.”

இவர் குனிந்து, ஸ்க்ரூடிரைவர் வந்துபோன ஓட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுப்போட முடியுமா என்று யோசித்திருப்பார், வேறென்ன.

அன்று வீட்டில் பேச்செல்லாம் காரைப் பற்றித்தான். மனைவி ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்பவள். எதையும் பட்டியல் போட்டுத்தான் பேசுவாள். “பின்னாடி துணி பண்டல் வைக்க இடம் வேணும். பெட்ரோல் குடிச்சே நம்மளைத் தீர்த்துடக் கூடாது. மாசத் தவணை, கடன், அந்தப் பேச்சே வேண்டாம். கையில இருக்கிறதுக்குள்ள வாங்கணும்.” மகளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. “அப்பா, ஸ்கூல் வாசல்ல நான் இறங்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது போதும்.”

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இவருக்கு நான்கு வயது மூத்த அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அச்சகத்தின் மாடிப்படியில் விழுந்ததில் இடது முழங்கால் நொறுங்கிப் போனது. மூன்று ஆபரேஷன். கடைசியில் டாக்டர்கள் முட்டியை ஒரே எலும்பாகச் சேர்த்து இறுக்கிவிட்டார்கள். வலி போய்விட்டது. கால் மடங்குவதும் அதோடு போய்விட்டது. ஒரு கைத்தடியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் தெருமுனை வரைக்கும் நன்றாகவே நடப்பார். தாள்கள் வீட்டுக்கே வரும், சிவப்புப் பேனாவால் சுழித்துக் குதறி அனுப்பிவிடுவார். நாக்கும் அந்தப் பேனா மாதிரிதான்.

காரில் ஏறுவதுதான் பாடு. முன் சீட்டு நெருக்கம். அதனால் பின் சீட்டில் குறுக்கே உட்கார வைத்து, ஒருவர் இந்தப் பக்கமிருந்து தள்ள, இன்னொருவர் அந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும். டாக்ஸி என்றாலும் இதே கூத்துதான், கூடுதலாக டிரைவர் வேறு முகத்தைச் சுளிப்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு உறவினர் வீட்டு விருந்துக்குப் போய் இறங்கும்போது, வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர், “மெதுவா, மெதுவா! பீரோவை இறக்குற மாதிரி இறக்குங்கப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: “நீங்க போயிட்டு வாங்க.”

அந்த ஆள் யாரென்று தெரிந்தால் நாமே நாலு வார்த்தை கேட்கலாம். இவர் கேட்கவில்லை. அந்தக் கால்களைத் தள்ளிய கை தன்னுடையதுதானே என்று இவருக்கு ஒரு குறுகுறுப்பு. அதனால்தான், புதுக் கார் என்ற பேச்சு வந்ததும் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டார். யார் கையும் மேலே படாமல் அக்கா தானாக ஏறி உட்காரவேண்டும். அது நடக்காத கார், தங்கத்தில் செய்தது என்றாலும் வேண்டாம்.

அக்காவிடம் சொன்னால் “எனக்கு எதுக்குடா காரு?” என்று ஒரே வார்த்தையில் ஊத்தி மூடிவிடுவார். ஆகவே சொல்லவில்லை. அக்கா மேஜையில் தாள்களைத் திருத்திக்கொண்டு, காலை எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, இவர் விழுந்த ஊசியைத் தேடுகிற பாவனையில் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்னடா, எதையோ திருட வந்தவன் மாதிரி சுத்துற?”

“ஊசிக்கா.”

“உன் கடை ஊசி என் ரூமுக்கு எப்படிடா வரும்?”

கண்ணாலேயே அளவு எடுக்கத் தெரிந்தவர். கடைக்குப் போய்க் கனமான அட்டையை விரித்து, சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டினார். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அக்கா, ஆளுயரத்தில். இடுப்பில் ஒரு கோட்டுப் பட்டனை வைத்து மடங்கும்படி தைத்தார். வலது முட்டியில் இன்னொரு பட்டன். இடது காலை மட்டும் ஒரே துண்டாக விட்டார். சுற்றிலும் அரை இஞ்ச் கூடுதல், அதை எப்படி விடுவார்!

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, இந்த அட்டை அக்காவோடு கிளம்பினார். முதலில் புதுக் கார் விற்கிற கண்ணாடி மாளிகை. கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் ஏர்பேக், சன்ரூஃப், திரை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். இவர் கதவைத் திறந்து அட்டையை உள்ளே வைத்தார். பையனுக்கு ஒப்பித்தது பாதியில் மறந்துவிட்டது. இருப்பதிலேயே விலை குறைந்த காரில் அட்டையின் கால் டேஷ்போர்டில் இடித்தது. கால் இடிக்காத காரின் விலை இவரை இடித்தது. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அப்புறம் பழைய கார் விற்கிற இடங்கள். ஒன்றில் தலை இடித்தது. ஒன்றில் சீட்டு பின்னால் நகரவே இல்லை. ஒரு இடத்துக் காவலாளி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், இவங்க… இருக்காங்களா?”

“இருக்காங்கய்யா, நல்லா இருக்காங்க. வீட்ல உட்கார்ந்து யாரையாவது திட்டிட்டு இருப்பாங்க.”

மகள் வெட்கத்தில் பழைய காரை விட்டு இறங்கவே இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காத கார் கேட்டவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

நாலாவது வாரம், ‘சத்தியம்’ என்கிற புரோக்கரிடம் போனார்கள். பேச்சுக்குப் பேச்சு “சத்தியமா சொல்றேன் சார்” என்பதால் அந்தப் பெயர். அவர் இடத்தில் ஒரு நீலக் கார் நின்றது. ஆறு வருஷம் ஓடியது, ஒரே ஆள் வைத்திருந்தது. இடது பக்க முன்கதவு ‘ஆ’வென்று அகலத் திறந்தது. சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் போனது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையைப் பக்கவாட்டில் உள்ளே நகர்த்தினார். தலை இடிக்கவில்லை. கால் இடிக்கவில்லை. முன்னால் அரை இஞ்ச் மிச்சம்.

“அரை இஞ்ச்!” என்று கத்தினார். தன் பட்டப்பெயரையே கத்துகிறார் என்று சத்தியத்துக்கு எப்படித் தெரியும்? காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. பின்னால் துணிப் பண்டலுக்கு இடம் இருந்தது. விலையும் கைக்குள் அடங்கியது. மனைவி பட்டியலில் எல்லாவற்றையும் அடித்தாள். முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் மனுஷன் ஸ்கேல் வைத்த ஜன்னலோரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வந்த சந்தோஷத்தில் அட்டையைக் கூடத்து மேஜையிலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போனதுதான் தப்பு. திரும்பி வரும்போது அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றிருந்தார். கையில் சிவப்புப் பேனா.

“யாருடா இது?”

“நீதான்க்கா.”

“நானா? இடுப்பைப் பாரு. இதுக்குள்ள என்னோட இன்னொருத்தியும் உட்காரலாம்.” இடுப்பைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள்: நாலு ஞாயிறு, டை கட்டிய பையன், காவலாளி, நீலக் கார். காவலாளி கேட்டதைச் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது.

“உன் கடையில என்ன போர்டுடா மாட்டியிருக்க?”

இவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார்.

“ஊர்ல யாருக்கும் ஆள் வராம அளவு எடுக்க மாட்ட. எனக்கு மட்டும் அட்டை போதுமா?”

“சொன்னா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பக்கா.”

“சொல்லியிருப்பேன். வேண்டாம்னு சொல்றதுக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

   நல்லது செய்யப் போன மனுஷன் ஈரத்துண்டை உதறி உதறிக் காயப்போட்டார்.

மறுநாளும் விடுமுறை; காலையில் அக்காவே அறையிலிருந்து வெளியே வந்தார். வெளியே போகிறபோது உடுத்துகிற உடையில் இருந்தார். “வா, உன் நீலக் காரைப் பார்க்கலாம். ஏத்துறது இறக்குறது இன்னிக்குக் கடைசித் தடவை. அது சரிவரலைன்னா என்னை விட்டுடணும்.”

பழைய காரில் தள்ளி, இழுத்து, சத்தியத்தின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீலக் காரைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார் சத்தியம். இவர் போய் இடது பக்கக் கதவை அகலத் திறந்து, சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டு, ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்குப் போகக்கூடாது என்றுதான் கையைக் கட்டினார்.

அக்கா கைத்தடியைத் தம்பி மனைவியிடம் கொடுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்தார். உட்கார்ந்தார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அப்புறம் இடது காலை உள்ளே எடுக்கவேண்டும். அது வெளியே விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கினால்தான் உள்ளே வரும். மடங்காது. அக்கா உடம்பைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு கையாலும் தொடையைத் தூக்கிப் பார்த்தார். குதிகால் கதவு நிலையில் இடித்தது. நெற்றியில் வியர்வை.

இவர் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் போனார்.

“கை வைக்காதே.”

நின்றுவிட்டார். அக்கா மெல்ல எழுந்து வெளியே வந்தார். “உள்ளே இடம் இருக்குடா. நீ எடுத்த அளவெல்லாம் சரிதான். கழுத்து வெட்டாம சட்டை தைச்சிருக்க, அவ்வளவுதான்.”

இவருக்கு அப்போதுதான் புரிந்தது. அட்டை, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அட்டைக்கு ஏறத் தேவையில்லை. மனுஷி ஏறவேண்டும், ஒவ்வொரு காலாக. தலை நுழைய வழியில்லாத சட்டையை முதல் வருஷம் கற்றுக்கொள்ள வருகிற பையன்கூடத் தைக்கமாட்டான். முப்பது வருஷத் தொழில்காரர் தைத்துவிட்டார். அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் போய் உட்கார்ந்தார். அழுகையை அடக்குகிறவர்கள் செருப்பு வாரைச் சரிசெய்வார்களே, அதைச் செய்தார்.

அக்கா அவர் பக்கம் போகவில்லை. வந்தது வந்தோம் என்று கைத்தடியை வாங்கிக்கொண்டு கார்களுக்கு நடுவில் நடந்தார். மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரி இல்லாத ஓர் இடத்துக்கு வந்திருக்கிறார், சுற்றிப் பார்க்கட்டுமே. கடைசி வரிசையில் காய்ந்த சேற்று நிறத்தில் ஒரு கார், வலது பக்க முன்கதவைத் திறந்து வைத்தபடி நின்றது. மிதியடிகளைக் கழுவி அதன் கூரைமேல் உலர்த்தியிருந்தார்கள். நடந்த களைப்புக்கு எங்கேயாவது உட்காரவேண்டும்போல இருந்தது அக்காவுக்கு. கதவைப் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஏறும்போது இடது கால்தான் முதலில் போகும். நேராக உள்ளே வைத்தார். அது நீட்டியபடி, முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வலது காலை ஊன்றி உட்கார்ந்தார். மடங்குகிற வலது காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.

உள்ளே இருந்தார். முழுசாக. யாரும் தொடவில்லை.

மனைவிதான் முதலில் பார்த்தாள். “என்னங்க! அண்ணியைப் பாருங்க!” எல்லாரும் ஓடினார்கள். அக்கா ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது டிரைவர் சீட்டுக்கா” என்றார் இவர்.

“தெரியுது. கால்தான்டா மடங்காது, கண்ணு நல்லாத்தான் இருக்கு.” குனிந்து கீழே பார்த்தார். “இதென்ன, மிதிக்கிறது ரெண்டுதான் இருக்கு? உன் கார்ல மூணு இருக்குமே?”

சத்தியம் முன்னால் வந்தார். “இது ஆட்டோமேட்டிக் மேடம். கிளட்ச் கிடையாது, கியர் மாத்த வேண்டியதில்ல. சத்தியமா சொல்றேன், இதுல இடது காலுக்கு வேலையே இல்ல.”

“என் இடது காலுக்கும் வேலையே இல்ல” என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. சொன்னது வேடிக்கையாக இல்லை என்பதால் அல்ல. அந்த ஒரு நொடியில் மனைவிக்கும் மகளுக்கும் சத்தியத்துக்கும்கூட விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமல் நின்றவர் ஒருவர்தான்.

“ஆனா நீ இங்க உட்கார்ந்தா, யார் ஓட்டுறது?” என்றார்.

மனைவி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அத்தைதான்ப்பா” என்றாள் மகள், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவர் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது பயம் மட்டும் இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் கார் ஓட்டுகிற ஒரே ஆள் அவர்தான். எல்லாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடுகிறவன் தான்தான் என்பதில் மனுஷனுக்கு ஒரு பெருமை இருந்தது. ஆகவே கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

“அம்பத்தஞ்சு வயசுல கார் ஓட்டக் கத்துக்கப் போறியா?”

“அம்பத்து நாலு. பிழை.”

“வண்டி எட்டு வருஷப் பழசு. பின்கதவுல அடி. துணி வைக்க இடம் பத்தாது. விலையும் கொஞ்சம் கூட…”

“கூட வர்றதை நான் போடுறேன்.”

“நிறத்தைப் பாரு. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.”

“அப்பா, இதையே வாங்கலாம்ப்பா” என்றாள் மகள்.

மனைவி தன் பட்டியல் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் நீலக் காருக்குக் கொடுத்த முன்பணத்தை இதற்கு மாற்றச் சொன்னார். காந்தத்தை எடுத்தார். நாலு இடத்தில் ஒட்டவில்லை. சத்தியம் சத்தியம் செய்யாமல் வாயை மூடிக்கொண்டு விலையைக் குறைத்தார்.

அக்கா கார் ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுக்க ஒரு மாதம் ஆக்கினார். கற்றுக்கொடுக்கிற வேலையை டிரைவிங் ஸ்கூலிடம் விட்டுவிடலாம் என்றாள் மனைவி. நல்ல யோசனைதான். ஆனால் பயிற்சிக்குக் கூடமாட இவர் உட்காரவேண்டியிருந்தது. கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை என்கிற இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை மிதித்து மிதித்தே புது மிதியடி ஒன்றைத் தேய்த்துவிட்டார். “லாரி வருதுக்கா… லாரி… லாரி!” என்பார். “எழுத்துப் பிழை இல்லாம மூணு தடவை சொல்லிட்ட, போதும்” என்பார் அக்கா. ஒருநாள் வாசலில் வண்டியைத் திருப்பும்போது அக்கா ஜெராக்ஸ் கடைப் பலகையை இடித்துத் தள்ளினார். இவர் இறங்கி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, பலகைக்காரருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுத்தார். அரை இஞ்ச் விட்டுத்தான்.

லைசென்ஸ் தேர்வில் அதிகாரி அக்காவின் காலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் வலது காலாலேயே பண்ணிடுவீங்களா?” என்று கேட்டார்.

“இந்த வண்டியில எல்லாரும் அப்படித்தானே சார் பண்றாங்க?”

அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இவர் ஒருவருக்குக் கோட்டின் தோளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் சேற்று நிறம் தெருமுனையில் வளைந்துவிட்டது. உள்ளே ஓடினார். மனைவி வேலையிலிருந்து வரவில்லை. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “அத்தை சாவியை எடுத்துட்டுப் போனாங்கப்பா. எங்கன்னு சொல்லல” என்றாள். போன் மேஜைமேல் கிடந்தது. அக்கா வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாரா, மறந்தாரா, தெரியாது.

கோட்டுக்காரரை அனுப்பிவிட்டார். மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையைத் திருப்பித் தைத்தார். பிரித்தார். ஆஸ்பத்திரியாக இருக்குமோ? வலி ஏதாவது வந்து, சொல்லாமல் போயிருப்பாரோ? அச்சகத்தில் அவசரமோ? அச்சகத்துக்குப் போன் செய்தார், வரவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் செய்தார். அங்கேயும் இல்லை. கடை வாசலில் போய் நின்றார். உள்ளே வந்தார். மறுபடி போய் நின்றார். ஒன்றரை மணி நேரம். எனக்கே அவர்மேல் பரிதாபமாக இருக்கிறது.

தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் வண்டி வந்தது. வாசலில் கொஞ்சம் கோணலாக நின்றது. கதவு திறந்தது. வலது கால், கைத்தடி, அப்புறம் நேராக இடது கால். அக்கா இறங்கி நின்றார். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. கையில் பை இல்லை, பின் சீட்டில் பொட்டலம் எதுவும் இல்லை.

“எங்கக்கா போன?” அவர் வண்டியை நோக்கி ஓடினார். “ஆஸ்பத்திரி வரைக்கும் போன் போட்டுட்டேன். என்ன வேலையா போன?”

“ஒரு வேலையும் இல்லடா.”

“பின்ன?”

“சும்மாதான்.”

ஒரு பாட்டம் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷம். ஆஸ்பத்திரி, வங்கி, ஆஸ்பத்திரி, அந்த ஒரு விருந்து, ஆஸ்பத்திரி. இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து தூக்க வேண்டும் என்றால், அதற்குத் தகுந்த காரணம் ஒன்று சொல்லியாக வேண்டும். சும்மா வெளியே போகணும் என்று சொல்லி ஒரு மனுஷி எப்படித் தன்னைத் தூக்கச் சொல்வாள்? அந்த ஆசை அக்காவுக்கு ஒரு தடவையாவது வந்திருக்குமா என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அளவெடுத்தார், அட்டை வெட்டினார், நாலு ஞாயிறு அலைந்தார். இதை மட்டும் கேட்கவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அக்கா பார்த்துவிடக் கூடாதென்று வண்டிக்குள் குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

“பெட்ரோல் போட்டியா?”

“டேங்க் நிறையப் போட்டுட்டேன்” என்றார் அக்கா. “நாளைக்கும் போகணும்ல.”